அக்கா தலைக்கு மேலே ஒரு டக்ட்

எனக்கு முன்கோபம் அதிகம். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபெக்டரிக்குத் தூசு உறிஞ்சும் டக்ட், அதாவது பெரிய தகரக் குழாய், மாட்டப் போனபோதுதான் அந்தக் கோபம் ஒரு காரியத்துக்கு உதவியது.

அங்கே தூள் சலிக்கும் அறையில் என் அக்காவுக்கு வேலை. இருமாமல் அவளால் ஒரு பேச்சை முடிக்க முடியாது. டக்ட் வேலையை நானும் அவள் புருஷனும் சேர்ந்துதான் செய்கிறோம். சீக்கிரம் மாட்டிவிட வேண்டுமென்று மச்சான் துடித்தது அவளுக்காகத்தான்.

மேலே கொங்கிரீட் கூரையில் பழைய போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. மச்சான் அவற்றைக் காட்டினார்.

“இதுலயே மாட்டிருவோம் மாப்ள. வெள்ளக்காரன் காலத்துச் சாமான், அசையாது.”

“வெள்ளக்காரனே போயிட்டான். போல்ட்டு மட்டும் நமக்காக உக்காந்திருக்குமா?”

அந்த அறையில் வேலை செய்யும் பெண்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், மச்சான் ஒரு போல்ட்டில் டக்டின் பாரத்தைவிட அதிகமாகவே தூள் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார். அசையவில்லை.

“பாத்தியா?”

என் முகம் சுண்டிவிட்டது. கோபத்தில் மனசு மட்டும் ஒப்பவில்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சலிக்கும் மெஷினை ஓடவிட்டேன். கட்டடமே அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் போல்ட்டைச் சுற்றிக் கொங்கிரீட் மாவாக உதிர்ந்தது. பிறகு போல்ட்டும் மூட்டைகளும் சேர்ந்தே வந்து விழுந்தன. கீழே இருந்தது அக்காவின் ஸ்டூல். அதன் ஒரு கால் முறிந்துபோனது.

மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டாரா?

“வேற எடத்துல ஓட்ட போட்டுப் புது போல்ட்டு வைப்போம்.”

“அதுவும் இதே கொங்கிரீட்டுதான். மாட்டுனா கேடர்லதான் மாட்டுவேன்.”

கேடர் என்கிற இரும்பு உத்தரம் சுவரோரமாக ஓடியது. அதன் விளிம்பைக் கவ்வும் கிளாம்பை ஹட்டன் டவுனில் தேட வேண்டும். டக்டையும் மறுபடி வெட்டி வளைக்க வேண்டும்.

“இன்னும் ரெண்டு மூணு நாளாகும்டா. அதுவரைக்கும் அவ இருமிக்கிட்டே கெடக்கணுமா?”

“இருமட்டும். இருமுனாலும் ஆளு இருப்பா.”

 மச்சான் கால் முறிந்த ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டக்டை மறுபடி அளக்க ஆரம்பித்தார்.

கிளாம்புகளை ஒவ்வொன்றாக முறுக்கி, அதிர்வில் கழலாமல் இருக்க மேலே இன்னொரு நட்டும் போட்டேன். பெண்கள் வெளியே நிற்க, மூட்டை கட்டி, மெஷினை ஓட்டி, ஒன்றும் அசையவில்லை என்று பார்த்து, அப்புறம்தான் டக்டைத் தூக்கினோம்.

விசிறி ஓட ஆரம்பித்ததும் மச்சான் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா புது ஸ்டூலை டக்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டாள். யார் மாட்டியது என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்காமல் தூளிலிருந்து காம்பு பொறுக்க உட்கார்ந்தாள்.