முனீராவின் பள்ளிக்கூடக் குரல்

திவ்யதர்ஷினி படித்த உயர்நிலைப் பள்ளி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்தது. மாணவர்கள் குறைந்துகொண்டே வந்ததால் ஆண்டு முடிவில் அதை வேறொரு பள்ளியோடு இணைப்பதாக இருந்தார்கள். அவள் அப்போது உயர்நிலை நான்கு. அந்தப் பள்ளியின் பெயரில் தேர்வெழுதி வெளியேறப்போகும் கடைசி அணி.

தாய்மொழிப் பாடவேளை வந்தால் வகுப்புகள் கலையும். சீனம் படிப்பவர்கள் பெரிய அறைகளுக்கும் மலாய் படிப்பவர்கள் மேல்மாடிக்கும் போவார்கள். தமிழ் மாணவர்கள், எல்லா வகுப்புகளையும் சேர்த்தாலும், ஒரு நீள மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவுதான். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்து அறை அவர்களுடையது. அங்கே திவ்யாவுக்கு அடுத்த நாற்காலி முனீராவுடையது.

விளையாட்டுக்காகப் பள்ளி மாணவர்களை நிறப் பெயர் கொண்ட இல்லங்களாகப் பிரித்திருந்தார்கள். முனீரா மஞ்சள் இல்லத்தின் குரல். விளையாட்டுத் தினத்தில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒருவர் எழுந்து நின்று கூவுவார், மற்றவர்கள் காலால் தட்டிக்கொண்டு பதில் கூவுவார்கள். முனீராவின் குரல் கரகரப்பானது, உச்சத்தில் இரண்டாக உடையும். உடைந்த இடத்தில்தான் மொத்த இல்லமும் பாய்ந்து பதில் சொல்லும். திவ்யா அதிகம் பேசாதவள். ஆனால் அவளுக்கு ஒரு வித்தை வந்தது. அந்தக் குரலை, உடைவு உட்பட, அப்படியே எடுப்பாள்.

அது பயன்பட்ட இடம் தமிழ் வகுப்பு. கதிரேசன் சார் வெண்பலகையைத் துடைத்தபடி, திரும்பாமல், மனப்பாடமாகப் பெயர்களைக் கூப்பிடுவார். முனீரா பெரும்பாலும் கேண்டீனில் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். அவள் பெயர் வரும்போது திவ்யா அவள் குரலில் "வந்துட்டேன் சார்" என்பாள். மேசையைச் சுற்றி எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். சாருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உயர்நிலை மூன்று முடிந்த டிசம்பர் விடுமுறையில் முனீரா டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோனாள்.

ஜனவரியில் முதல் தமிழ்ப் பாடம். சார் பலகையைத் துடைத்தபடி பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். பழக்கம் நாக்கில் இருந்தது. முனீராவின் பெயரும் வந்துவிட்டது. திவ்யாவுக்கும் பழக்கம் தொண்டையில் இருந்தது.

"வந்துட்டேன் சார்."

குரல் அறைக்குள் நின்றது. சார் திரும்பவில்லை. துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டே வெளித் தாழ்வாரத்துக்குப் போனார். கொஞ்சம் கழித்து வந்து கருத்தறிதல் பயிற்சியை எடுக்கச் சொன்னார். திவ்யாவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கலாம்.

சேதி பரவியது. விளையாட்டுத் தினம் நெருங்கியபோது மஞ்சள் இல்லத் தலைவன் ரித்திக் அவளைத் தேடி வந்தான். இந்த வருஷம் நீதான் கூவ வேண்டும் என்றான். தனக்குச் சத்தமே வராது என்று அவள் சொன்னாள். உன் சத்தத்தை யார் கேட்டார்கள் என்று பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

ரித்திக் சிரிக்கவில்லை. "அவ குரல்ல சொல்லு லா. இதான் நம்ம ஸ்கூலுக்கு லாஸ்ட் இயர். அவளும் இருந்த மாதிரி இருக்கும்."

அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். பள்ளி உணர்வு என்பது பலர் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கத்துவதில் பிறக்கிறது. அதற்கு ஆள் முக்கியமில்லை, இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை அன்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம். அன்பு இல்லை என்று சொல்லவும் துணிவில்லை.

திவ்யா பதில் சொல்லாமல் நாட்களைத் தள்ளினாள். ஆனால் அதற்குள் வேறொன்று நடக்கத் தொடங்கியிருந்தது. காப்பிக் கடையில் பாலில்லாத தே ஓ கேட்டாள், வந்தது முனீராவின் குரல். மின்தூக்கிக் கதவைப் பிடித்து வைக்கச் சொன்னாள், அதுவும் அதே குரல். ஒருநாள் குளியலறையிலிருந்து வந்தவளை அவள் அம்மா சுசீலா, உள்ளே யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். யாரோடும் இல்லை. இயற்பியல் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் பயம் வந்தது. இவ்வளவு பேர் முன்னால் ஒருமுறை அந்தக் குரலைக் கொடுத்துவிட்டால், பிறகு தன்னுடையது என்று எதை எடுத்துக்கொள்வது? அது எப்படி இருந்தது என்பதே மறந்துகொண்டு வந்தது.

மறுக்க அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. முனீராவின் தாயார் ஷமீமா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் பேச முடியாது. சனிக்கிழமை ரயிலேறி, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனாள்.

ஷமீமா அங்கே ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். கூட்டம் நெருக்கியது. ஊருக்குப் பணத்தோடு துணியும் அனுப்பும் கட்டுமானத் தொழிலாளர்கள் சேலைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். திவ்யாவைக் கண்டதும் ஷமீமா அவளைச் சட்டைத்துணிச் சுருள்களுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அவள் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் நடந்ததையும் மறைக்கவில்லை.

ஷமீமா சுருள் ஒன்றின் முனையை மடித்து மடித்து விரித்தார். கோபப்படுவார் என்று திவ்யா காத்திருந்தாள். உள்ளூர அதைத்தான் விரும்பினாள்.

"எங்கே, சொல்லிக் காட்டும்மா."

"இங்கேயா ஆன்ட்டி?"

"மெதுவாச் சொல்லு. என்னைய உம்மான்னு கூப்புடு. அவ கூப்புடற மாதிரி."

திவ்யா சுவரைப் பார்த்தபடி கூப்பிட்டாள். கரகரப்பு சரியாக இருந்தது. உடைவும் சரியாக இருந்தது. ஷமீமா கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது அவர் முகத்தில் அழுகை இல்லை, குழப்பம் இருந்தது.

"இது யாரு?" என்றார். "அவ இப்படிப் பேசவே மாட்டாளே. வீட்ல இருக்கற எடம் தெரியாது. பக்கத்துல போய்க் குனிஞ்சாத்தான் கேக்கும்."

திவ்யா அதை நம்பவில்லை. பள்ளி முழுக்கக் கேட்கும் குரல் அது என்றாள். ஷமீமா விளையாட்டுத் தினம் எதற்கும் போனதில்லை. கடையில் விடுப்புக் கேட்கச் சங்கடம், மகளும் வாருங்கள் என்று வற்புறுத்தியதில்லை. ஒருத்தியை இழந்துவிட்டதாக நினைத்திருந்த தாய்க்கு, தான் பார்த்தேயிராத இன்னொருத்தியும் போய்விட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீ செய்யும்மா," என்றார் ஷமீமா. "நான் லீவு போட்டுட்டு வர்றேன். அந்தப் புள்ளைய எனக்குத் தெரியாதுல்ல."

மறுக்கக் காரணம் தேடி வந்தவள் மறுக்கவே முடியாதபடி திரும்பினாள்.

விளையாட்டரங்கில் அன்று நல்ல வெயில். ஷமீமா மஞ்சள் இல்லத்தின் ஓரத்தில், பிள்ளைகளுக்கு நடுவே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டப் பந்தயம் தொடங்குமுன் ரித்திக் கையசைத்தான். திவ்யா எழுந்து நின்று கூவினாள்.

முதல் கூவலில் சிலர் அழுதார்கள். இரண்டாவதில் இருக்கைகள் அதிர்ந்தன. அவள் நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் மறுபடி, மறுபடி என்றார்கள். கடைசிப் பந்தயம்வரை கூவினாள். மஞ்சள் இல்லம் மூன்றாவதாக வந்தது, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஷமீமா திவ்யாவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தலையைத் தாழ்த்தி, தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் கூவுவது வேறொருத்தியின் வாய் என்று தெரிந்துவிடும்.

எல்லாரும் கலைந்தபின் அவர் இறங்கி வந்து திவ்யாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சுட்டது.

"இத்தனை நாளா இந்தப் புள்ளைய எனக்குக் காட்டவே இல்லையேம்மா அவ. சனிக்கிழமை கடைக்கு வர்றியா? கொஞ்ச நேரம் பேசிட்டுப் போனாப் போதும். எது வேணாப் பேசு. அந்தக் குரல்ல பேசு."

திவ்யா பதில் சொல்ல வாய் திறந்தாள். நாள் முழுக்கக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டிருந்தது. காற்று மட்டும் வந்தது. அவளுடைய குரலும் இல்லை, மற்றதும் இல்லை. அந்த வெறுமையில்தான் அவளால் தலையைப் பக்கவாட்டில் அசைக்க முடிந்தது. ஒருமுறை. பிறகு, தெளிவாக, இன்னொரு முறை.

ஷமீமா அவள் கையை உடனே விடவில்லை. விட்டபோது, "சரிம்மா, வெயில்ல நிக்காதே," என்று சொல்லிவிட்டுத் தலையை மூடியிருந்த துடோங்கைச் சரிசெய்துகொண்டு பேருந்து நிறுத்தம் பக்கமாக நடந்தார்.

திவ்யதர்ஷினி இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். தொண்டை தேறியபின் வந்த குரல் கொஞ்சம் தட்டையானது, தன்னுடையதுதான் என்று நினைக்கிறாள். அம்மாவோடு தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனால் அந்தத் துணிக்கடை இருக்கும் வரிசையைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போகிறாள். ஷமீமா மீது அவளுக்கு வருத்தமில்லை. அவர் இன்னொரு முறை கேட்டால் மறுத்துத் தலையசைக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை. இப்போது தொண்டை நன்றாக இருக்கிறது.