தெருக்குழாயில் அம்மா வைத்த குடம்

மகள் அமெரிக்காவிலிருந்து போனில் அழுதாள். கடை வரிசையில் நின்றவளைப் பார்த்து ஒருவன், "உன் நாட்டுக்கே போ" என்று கத்தினானாம்.

"ஊருக்கே வந்துர்றேம்ப்பா" என்றவள் முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

எனக்குச் சின்ன வயதில் பார்த்த திண்டுக்கல் தெருக்குழாய் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். அங்கே மழையில்லாமல் நாங்கள் திண்டுக்கல்லுக்குக் குடிவந்த புதிது. குழாயடியில் ஆளுக்குப் பதில் குடம்தான் வரிசையில் நிற்கும். தெருக்காரி ஒருத்தி எங்கள் குடத்தைக் காலால் தள்ளினாள்.

"பொழைக்க வந்தவளுக்கு என்ன வரிச? ஒன் ஊருல போயிப் பிடி."

அம்மா குடத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். அவள் மறுபடி தள்ளினாள். அம்மா மறுபடி வைத்தாள்.

"எம்புட்டு வேணாத் தள்ளுக்கா. எனக்கு வேற சோலி இல்ல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஆரோக்கியம் அக்கா, "அவ முறைய அவளுக்கு விடுடி" என்று அதட்டினாள். அன்று குடம் நிறையத் தண்ணீரோடுதான் வீட்டுக்குப் போனோம்.

மகளிடம் கேட்டேன். "ஒருத்தரும் ஒனக்காகப் பேசலயா?"

"ஒரு வெள்ளக்காரம்மாவும் ஒரு மெக்சிகோக்காரரும் அவனச் சத்தம் போட்டாங்க."

"அப்ப அவுக ஊரு ஒன் ஊருந்தான். ஆசப்பட்டு வந்தா வா, பயந்துக்கிட்டு வராத. நாளைக்கும் அதே கடைக்குப் போ."