பனிக்கு அரைக் கிலோ கழித்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் பந்தலூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், இலங்கையிலிருந்து வந்திறங்கிய குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பகலில் ஃபேக்டரி வேலை, திருவிழாக் காலத்தில் காமெடி மேடை. கூட நடித்தவன் தம்பியாகிய நான். மேடையேறுமுன் மூன்று முறை கழிப்பறைக்கு ஓடுவேன். "நீ நடிக்க வேணாம்டா, இப்படியே நடுங்கு போதும்" என்பார்.

அவர் உருவாக்கியதுதான் கொழுந்து எடை போடும் மேஸ்திரி வேடம். காக்கி அரைக்கால் சட்டை, கிழிந்த குடை. சேலை கட்டி, கூடையோடு நான் எதிரில் நிற்பேன். "ஈரத்துக்கு ஒரு கிலோ கழி, பனிக்கு அரைக் கிலோ கழி, இப்ப பெருமூச்சு விட்டியே, அதுக்கு ஒரு கால் கிலோ!" தோட்டத்தில் நிஜமாகவே இப்படி எடை கழிபட்டு வந்த பெண்கள் கண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

எங்கள் குழுவில் பின்னாளில் சேர்ந்த ஒருவர், இதே வேடத்தை டிவி போட்டியில் போட்டார். யார் எழுதியது என்று நடுவர் கேட்டதற்கு, "சொந்தச் சரக்குங்க சார்" என்றார். அடுத்த திருவிழாவில், நாடுகாணியில், அண்ணன் குடையோடு வந்து நின்றதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏனுங்ணா, டிவியப் பாத்துக் காப்பியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டிய நான், பயத்தில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அதற்கும் கைதட்டினார்கள். அதன்பின் அண்ணன் மேடையேறவே இல்லை.

கடைசி நாட்களில் ஆக்சிஜனோடு படுத்திருந்தவரிடம், "அந்த டிவி காமெடிய ஒருக்கா செஞ்சு காட்டுங்க மாமா" என்று கேட்ட சொந்தங்களுக்கும் இந்த நினைவு மலரில் ஒரு பிரதி உண்டு. மறக்காமல் வாங்கிப் போங்கள்.

முதலாண்டு நினைவு நாளில் படம் திறக்க அந்த டிவி பிரபலத்தையே கூப்பிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது, முதலில் தலையாட்டியவன் நான். அண்ணி பொறுக்காமல் கேட்டார்: "ரோசமே இல்லையா தம்பி உங்களுக்கு?"

"இருக்குங்க அண்ணி. ஃப்ரேம் போடக் குடுத்திருக்கேன்."

படத்தில் அண்ணன் காக்கி அரைக்கால் சட்டையும் குடையுமாக நிற்கிறார். பின்னால் திருவிழா பேனரில் ஆண்டு பளிச்சென்று தெரிகிறது. அந்த ஆண்டு நம் பிரபலம் மூன்றாம் வகுப்பு.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த நர்ஸ் அம்மாவுக்கும், தோள் கொடுத்த லயத்து மக்களுக்கும், பழைய படத்தைப் பெரிதாக்கித் தந்த ஸ்டுடியோ நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அழைத்ததும் வரச் சம்மதித்த சிறப்பு விருந்தினருக்குத் தனி நன்றி. அவருக்கு மட்டும் இம்மலர் படத் திறப்புக்குப் பிறகே தரப்படும். அதுவரை எல்லோரும் தயவுசெய்து மலரை மடியில் கவிழ்த்து வைத்திருங்கள். அவர் துணியை விலக்கும்போது படத்தைப் பார்க்க வேண்டாம். அவர் முகத்தைப் பாருங்கள்.