சூட்டில் இறக்கிய காற்று

டயர்க் கடை வைத்திருக்கும் காத்து மாமாவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை. அக்கா மகள் மழலையில் வைத்த பெயர் அது, ஊரே பிடித்துக்கொண்டது. காற்றடிக்க வந்தவன் அவரிடம் வாய் கொடுத்தால் தொலைந்தான். "ஓடி வந்த சூட்டுல அளவு ஏறித்தான்டா காட்டும்! இறக்கினா எமனை நீயே கூப்பிடுற மாதிரி!" என்று கத்துவார். 'இவன் தொண்டைக்குப் பயந்தே டயர் வெடிக்காது' என்பாள் அக்கா.

அந்த அக்காவுக்காகத்தான் அத்தான் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே. அடுப்படியே கதியென்று கிடந்தவளுக்குக் கடலையும் மலையையும் காட்ட வேண்டுமாம். கிளம்பும் காலையில் தொட்டியை நிரப்பி, சாமான் ஏற்றி, முழு எடையையும் போட்டுப் பார்த்த பிறகே காத்து மாமா காற்று வைத்தார்.

"போதும்டா, வண்டிக்குக் கண்ணு படப்போகுது" என்று சிரித்தாள் அக்கா. அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

அன்று சாயங்காலம் பின் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. அத்தான் கைக்கட்டோடு பிழைத்தார். அக்கா போய்விட்டாள்.

சில நாள் கழித்து, நொறுங்கிய வண்டியைப் பார்க்க அத்தானும் மகளும் காத்து மாமாவும் போனார்கள். மாமா கிழிந்த டயருக்குள் கைவிட்டார். உள்பக்கம் கருகி, ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காற்றுக் குறைவாக வெகுதூரம் ஓடிய டயர்தான் இப்படி ஆகும். தான் வைத்த காற்று எங்கே போயிற்று?

"மச்சான்," என்றார் அத்தான். "மத்தியானம் அளந்தேன். நீ சொன்னதைவிட ஏறிக் காட்டுச்சு. நீ கத்துறது ஞாபகம் இருந்துச்சுடா. ஆனா அவ, வண்டி குலுங்குது, இடுப்பு விட்டுப்போகுதுன்னா. பாவமா இருந்துச்சு, கொஞ்சம் இறக்கிட்டேன்." குரல் உடைந்தது. "அதனால இருக்காதுல்ல? சொல்லு, நானா அவளைக் கொன்னேன்?"

ஐயோ, என்ன கேள்வி இது! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷன் உயிரோடு இருக்க மாட்டார். மகளுக்கு மிச்சம் இருப்பது இந்த அப்பா ஒருவர்தான்.

"சீச்சீ, கடையில சும்மா மிரட்டத்தான் அத்தான் அப்படிக் கத்துவேன்" என்றார் காத்து மாமா. "நீங்க இறக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டயர்ல பழைய வெடிப்பு இருந்துச்சு. பார்த்தேன். இந்தத் தடவை தாங்கும்னு நான்தான் விட்டுட்டேன்."

அத்தான் தரையில் உட்கார்ந்து கோவென்று அழுதார்.

"தெரிஞ்சேவா விட்டீங்க?" என்றாள் மகள். "ஊருக்கெல்லாம் கத்துவீங்களே மாமா, எங்கம்மாவுக்கு மட்டும் வாய் வரலையா? இனிமே எங்க வீட்டு வாசலை மிதிக்காதீங்க."

அவர் மிதிக்கவில்லை. கடை நடக்கிறது. வெயிலில் ஓடி வந்த எவனாவது காற்றை இறக்கச் சொன்னால் இப்போதெல்லாம் கத்துவதில்லை, கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம்ப்பா" என்கிறார். அக்கா மகள் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 'சாப்டியாம்மா' என்று கேட்க வாயெடுத்து, டயரைப் பார்த்துக் குனிந்துகொள்கிறார்.