காற்று பார்த்து வீடு காட்டுகிறவள்

டார்லா ஹாக்கடே வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். எங்கள் ஊரில் வீட்டுக்குப் பஞ்சமில்லை, வாங்க ஆள் வருவதுதான் அபூர்வம். கெல்லர்டன் என்று சொன்னால் இல்லினாய் மாநிலத்துக்காரர்களே "அது எங்கே இருக்கு?" என்பார்கள். சிகாகோவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம் என்று பதில் சொல்லி எங்களுக்கும் பழகிவிட்டது. என் பெயர் வெர்லின் ஓஸ்டர்மயர். அறுபத்திரண்டு வருடமாக இந்த ஊர்தான். டார்லாவின் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கும் இறுதிச்சடங்கு இல்லம் என்னுடையது. ஊரில் எத்தனை ஆலை மூடினாலும் என் தொழில் மட்டும் படுத்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

ஊருக்கு மேற்கே பெரிய ஆலை. சோயாவைப் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள், சோளத்திலிருந்து பாகு எடுப்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அங்கிருந்து சம்பளம் வருகிறது, எல்லோருக்கும் அங்கிருந்து நாற்றம் வருகிறது. வறுத்த சோயா, ஈரச் சாக்கு, புளித்த கஞ்சி மூன்றும் கலந்த மாதிரி இருக்குமாம். இது வெளியூர்க்காரர்கள் சொல்லி நான் கேள்விப்பட்டது. இங்கேயே பிறந்தவன் மூக்குக்கு அது தெரியாது. ஆனால் நான்கு படுக்கையறையும் ஓக் மரப் படிக்கட்டுமாக ஒரு செங்கல் வீடு, சிகாகோவில் கார் நிறுத்த ஒரு கொட்டகை வாங்குகிற விலைக்கு இங்கே கிடைக்கும். பனி கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் கேட்காமலே உங்கள் வாசலையும் சேர்த்து வாரித் தள்ளிவிட்டுப் போவான். அப்புறம் வருடம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவான், அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

டார்லா ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை நூற்று நாற்பது பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் இவளும் ஒருத்தி. புருஷனைக் கூட்டிக்கொண்டு பீனிக்ஸுக்குப் போய்ப் பார்த்தாள். எட்டே மாதம். திரும்பி வந்த அன்று என்னிடம் சொன்னாள்: "அங்கே வெயில் இருக்கு, வேலை இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா கடையில நின்னு அழுதா என்னாச்சுன்னு கேக்க ஒரு நாதி இல்ல வெர்லின். இங்கேன்னா அழறதுக்கு முன்னாடியே கேட்டுடுவாங்க." அதற்கப்புறம் படித்துப் பரீட்சை எழுதித் தரகரானாள். சிரித்தாள் என்றால் மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து சாலையைத் தாண்டி எனக்குக் கேட்கும். அப்படிச் சிரிக்கிற பெண்பிள்ளை.

அவள் தொழில் ரகசியம் என் வாசலில் இருந்தது. என் கொடிக்கம்பம்தான் அது. கொடி மேற்குப் பக்கம் பறந்தால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது, நாற்றம் சோளக் காட்டுக்குப் போய்விடும். உடனே போனை எடுப்பாள்: "இன்னிக்கு வரீங்களா? வீடு காலியா இருக்கு!" கொடி கிழக்கே பறந்தால் குரலே மாறிவிடும்: "அடடா, இன்னிக்குத் தரைக்கு மெழுகு போட்டுட்டாங்களே." பதினொரு வருடமாக இதுதான் நடக்கிறது. அவளுடைய மூக்கும் இந்த ஊர் மூக்குதானே, அதை நம்ப முடியாது.

"உன் மூக்கு என் கம்பத்துல தொங்குது டார்லா. எப்படிப் போனாலும் கடைசியில நீயும் என் கடைக்குத்தான் வரணும்" என்பேன்.

"வரேன். அன்னிக்கும் கிழக்குக் காத்தான்னு பாத்துத் தூக்கிட்டுப் போங்க" என்பாள்.

போன வருடம் ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்ச் சின்ன மருத்துவமனையில் இருந்த ஒரே குழந்தை மருத்துவர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போய்விட்டார். அதிலிருந்து காது வலி என்றாலும் காய்ச்சல் என்றாலும் நாற்பது மைல் ஓட வேண்டும். டார்லாவின் மகள் டெஸ்ஸுக்கு எட்டு வயது, வலிப்பு உண்டு. இந்த ஜனவரியில் பனிப்புயலுக்கு நடுவே அந்த நாற்பது மைல் மருத்துவரிடம் போகும்போது, பாதி வழியில் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஒரு விளக்குக்கூட இல்லை. சாலையோரம் காரை நிறுத்தி டெஸ்ஸை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பனி அள்ளுகிற லாரிக்காரன் ஒருவன் பார்த்து, முன்னால் வழி பண்ணிக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு எதிர்க் கட்டடத்திலிருந்து எனக்குச் சிரிப்பே கேட்கவில்லை.

பிப்ரவரியில் மருத்துவமனைக்காரர்கள் ஒரு பெண் மருத்துவரைப் பிடித்தார்கள். நவோமி காஸ் என்று பெயர், சிகாகோக்காரி. அவளுக்கு வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் அழைப்பு இருந்தது. ஊரையும் வீட்டையும் காட்டுகிற பொறுப்பு டார்லாவுக்கு வந்தது. அவள் என் வாசலுக்கே வந்து நின்றாள். "இந்த வீடு விக்கலேன்னாலும் பரவாயில்ல வெர்லின். இந்த டாக்டரை மட்டும் விடக் கூடாது. இன்னொரு தடவை அந்த ரோட்டுல டெஸ்ஸை வெச்சுக்கிட்டு என்னால உக்கார முடியாது." என் கொடியைப் பார்த்துப் பார்த்து நவோமியும் அவள் புருஷனும் வருவதை இரண்டு முறை தள்ளிப் போட்டாள். மார்ச் முதல் வாரத்தில் காற்று கிழக்கிலிருந்து வர, வரச் சொல்லிவிட்டாள்.

இனி நான் செய்த காரியம். எல்ராய் டெபி செத்துப் போயிருந்தான். ஆலையின் ரயில் பாதையில் முப்பத்தெட்டு வருடம் வண்டிகளைக் கோத்தும் பிரித்தும் விட்டவன். அவனுக்காகக் கொடியை அரைக் கம்பத்தில் விட்டிருந்தேன். பொழுது சாய்ந்தால் கொடியை இறக்குவது முறை. அவர்கள் வீடு பார்க்க வருவதற்கு முந்தின சாயங்காலம் நான் சீட்டாட்டத்தில் இருந்தேன், என்றும் இல்லாத திருநாளாக ஜெயித்துக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். கொடிதானே, எங்கே ஓடிப் போகிறது என்று விட்டுவிட்டேன். விடிவதற்குள் தூறல் பனிக்கட்டியாகிக் கொடி பலகை மாதிரி உறைந்து போயிருந்தது, மேற்கே நீட்டிக்கொண்டு. காற்றோ ராத்திரியே மாறி மேற்கிலிருந்து மெல்ல வீச ஆரம்பித்துவிட்டது. எல்ராயைத் தயார் செய்கிற அவசரத்தில் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டார்லா பார்த்தாள். காருக்குள்ளிருந்தே கொடிக்கு ஒரு கையசைப்பு, எனக்கு ஒரு ஹாரன், நெடுஞ்சாலை விடுதியிலிருந்து விருந்தாளிகளை அழைத்து வரப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு எல்ராயின் இறுதி ஊர்வலம் கிளம்பியது. முன்னால் என் வண்டி, பின்னால் பதினாறு கார். ரயில்வே கேட்டுக்கு வருகிறோம், படாரென்று கேட் விழுகிறது. ஆலையின் சரக்கு ரயில். அது கொஞ்சம் போகும், நிற்கும், பின்னால் வரும், மறுபடி நிற்கும். எங்கள் ஊரில் இதற்கு யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, முன்காரில் யார் என்று போய்ப் பேசுவோம். திருமணத்துக்குத் தாமதமானாலும் "ரயில்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எல்ராயின் மனைவி ஓபல் என் வண்டியிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்து ரயிலைப் பார்த்தாள். "முப்பத்தெட்டு வருஷம் ஊரையே இங்கே நிறுத்தி வெச்ச மனுஷன். இன்னிக்கு அவருக்கே கேட் போட்டுட்டாங்க பாருங்க!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஓபலும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பிட வைத்திருந்த பன்றிக்கறி சாண்ட்விச் தட்டுகளையும் காபியையும் காரிலிருந்து இறக்கச் சொன்னாள். "ஆறிப் போனா அவருக்குப் பிடிக்காது. எடுங்க எல்லாரும்."

எவ்வளவு நேரமாகும் என்று சொல்வதற்காக நான் வரிசையின் கடைசிவரை நடந்தேன். கடைசிக் கார் டார்லாவுடையது, விடுதியிலிருந்து வந்தவள் எங்கள் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தாள். பின்சீட்டுக் கதவைத் திறந்து ஓர் இளம்பெண் இறங்கினாள். இறங்கின வேகத்தில் கழுத்துத் துணியை மூக்குக்கு இழுத்தாள்.

"ஐயோ, என்ன நாத்தம் இது?"

"எது?" என்றாள் டார்லா.

நடிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அப்புறம்தான் தலையைத் தூக்கினாள். ஆலைப் புகை எங்கள் தலைக்கு மேலாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"வெர்லின்... கொடி?"

"உறைஞ்சு போச்சு டார்லா. நேத்து நான் இறக்கல."

திட்டியிருந்தால் தேவலை. காரில் சாய்ந்து நின்றுவிட்டாள். எனக்கு எல்ராயின் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குள் ஓபல் தட்டோடு வந்துவிட்டாள். "நாத்தமா? எனக்கு ஒண்ணும் வரலையே. இந்தா கண்ணு, சாப்பிடு. எந்த ஊரு? என்ன வேலை?"

"சிகாகோ. குழந்தைகள் டாக்டர்" என்றாள் நவோமி, துணிக்குள்ளிருந்தே.

ஓபல் தட்டை என் கையில் திணித்துவிட்டு வரிசையைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய், குழந்தைங்க டாக்டர் வந்திருக்காங்க!"

அடுத்த நிமிடம் நான்கு தாய்மார்கள் அங்கே இருந்தார்கள். "ஒரே ஒரு நிமிஷம் டாக்டரம்மா, இவன் காதை மட்டும் பாருங்க." "இவளுக்கு மூணு வாரமா இருமல், நாப்பது மைல் போக லீவு கிடைக்கல." டார்லா தடுக்கப் பார்த்தாள், யார் கேட்கிறார்கள்? நவோமி கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு துணியைக் கீழே இறக்கிவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் தியோ போன் விளக்கைப் பிடித்தான், இன்னொரு கையில் ஓபல் கொடுத்த காபி. காது, இருமல், சிரங்கு, மறுபடியும் ஒரு காது. முன்னால் பிண வண்டி நிற்க, பின்னால் டார்லாவின் காரில் வைத்தியம் நடந்தது.

"இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று நவோமி கேட்டாள்.

டார்லா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "இவளுக்கும் ஒரு பொண்ணு இருக்கு டாக்டரம்மா."

அவ்வளவுதான், டார்லா உடைந்துவிட்டாள். "நான் உங்களை ஏமாத்தித்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு தடவை தள்ளிப் போட்டேனே, எல்லாம் காத்துக்காகத்தான். இதோ, இவர் வாசல் கொடியைப் பாத்துதான் எல்லாருக்கும் வீடு காட்டுவேன். வருஷத்துல பாதி நாள் இப்படித்தான் நாறும். எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்க போறதுன்னா போங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா என் பொண்ணுக்கு வலிப்பு வந்தா நாப்பது மைல் போகணும். அதான்... அதான் பொய் சொன்னேன்."

நவோமி என் கையிலிருந்த தட்டிலிருந்து சாண்ட்விச்சை எடுத்து ஒரு கடி கடித்து மெதுவாக மென்றாள். "வலிப்பு வந்தா உடனே கொடுக்க வீட்ல என்ன மருந்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா? யாரும் எழுதித் தரலையா?" அவள் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எங்கள் மேல் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. தன் போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். அப்போது ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது, கேட் மேலே போனது, எல்லோரும் தட்டும் குழந்தையுமாகக் கார்களுக்கு ஓடினார்கள். நவோமி ஏறும்போது சொன்னாள்: "வீட்டைக் காட்டுங்க."

"இன்னிக்கா? இந்தக் காத்துலயா?"

"இந்தக் காத்துலதான் பாக்கணும்."

நான்கு நாள் கழித்து வேலைக்குச் சம்மதம் சொன்னார்கள். நாற்றத்தைக் காட்டி வீட்டு விலையில் நன்றாகக் குறைத்தும் வாங்கிக்கொண்டார்கள், அதில் சிகாகோ சாமர்த்தியம் தெரிந்தது. ஆலைக்கு நேர் கிழக்கே ஓக் படிக்கட்டு வீடு. நவோமி டெஸ்ஸுக்கு மருந்து மாற்றிக் கொடுத்தாள், மே மாதத்துக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. ஆனாலும் காற்று திரும்பிய நாளெல்லாம் டார்லாவுக்குப் போன் வரும்: "டார்லா, உங்க ஊரு இன்னிக்கு நாறுது!" டார்லா மன்னிப்புக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும், இவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தாள். பழைய சிரிப்பு இன்னும் திரும்பவில்லை.

அக்டோபரில் அறுவடை லாரிகள் வரிசை கட்ட, ஆலை முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் நான் கொடியை ஏற்றிக்கொண்டிருந்தேன். நவோமி கையில் காபியோடு மருத்துவமனைக்கு நடந்து போனவள் நின்றாள்.

"என்ன வெர்லின், ஆலையை நிறுத்திட்டாங்களா? நாலு நாளா வாசனையே இல்லையே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே போன கொடி படபடவென்று கிழக்கே, அவள் வீட்டைப் பார்த்தே பறந்துகொண்டிருந்தது.

"இல்ல டாக்டரம்மா, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றேன்.

"அப்படியா? காத்து நல்லா இருக்கு" என்று மூச்சை இழுத்துவிட்டு நடந்தாள்.

எதிர்ப்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் டார்லா நின்றிருந்தாள். நான் கொடியைக் காட்டினேன். போய்க்கொண்டிருந்த நவோமியின் முதுகைக் காட்டினேன். பிறகு என் மூக்கைத் தொட்டுக் கையை விரித்தேன். டார்லா கொடியைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், மறுபடியும் கொடியைப் பார்த்தாள். அவள் சிரித்தது கண்ணாடியையும் சாலையையும் தாண்டி எனக்குக் கேட்டது.