முதிரையும் கருங்காலியும் இழைத்த கியூ

அண்ணையின் கியூப் பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்கிறது. பில்லியர்ட்ஸ் போன்ற பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான அந்தக் கியூவைத் தம் கையாலேயே செய்த ஆங்கிலேயர் எழுதியது. முன்பகுதி ஆஷ், பின்பகுதி கருங்காலியும் இலங்கை முதிரையும் என்று மரங்களைக் குறித்துவிட்டு, வேலை முடிந்த தேதியையும் இட்டிருக்கிறார். அது எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானதற்கு முந்திய நாள். இவ்விரு தேதிகளும் இத்தனை நெருங்கி விழாதிருந்தால் நான் எழுதுவது வேறாக இருந்திருக்கும்.

அண்ணை சாவகச்சேரியில் பிறந்தார். நால்வரில் அவர் மூத்தவர், நான் கடைசி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரே அறையை வேறு சிலருடன் பகிர்ந்து வாழ்ந்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. தெருமுனை மதுச்சாலையில் ஒரு பூல் மேசை இருந்தது. குடிப்பழக்கமே இல்லாத அவர் ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறுடன் மாலை முழுவதும் நின்று பார்த்து அந்த விளையாட்டைக் கற்றார்.

பின்னர் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை கிடைத்து ஹவுன்ஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராக அழைப்பித்து, எல்லோருடைய திருமணத்தையும் முன்னின்று நடத்தினார். தமக்கென்று எதையும் கேட்டறியார். சனிக்கிழமைகளில் அங்குள்ள மதுச்சாலை அணிக்காக ஆடினார். அதுவும் சுவரில் சாத்திக் கிடந்த வளைந்த பொதுக் கியூவால்தான்.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கியூ செய்து கொடுப்போம் என்று நாங்கள் மூவரும் தீர்மானித்தோம். மரம் தெரிவு செய்ய கென்ட்டிலுள்ள பட்டறைக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். கைவினைஞர் மரத்துண்டுகளை மேசையில் பரப்பினார். மஞ்சளாய் மினுங்கிய ஒன்றை அண்ணை கையில் எடுத்தார்.

"தங்கச்சி, இஞ்ச பார். இது எங்கட முதிரையடி. எங்கட வீட்டுக் கதவு!"

"இவர் அபூர்வமான வெளிநாட்டு மரம் எண்டெல்லோ சொல்லுறார்?"

"அவருக்கு வெளிநாடுதானே. என்னையும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

ஏன் சிரிக்கிறோம் என்று கைவினைஞர் கேட்டார். அண்ணை கதவைப் பற்றிச் சொன்னார். கைவினைஞர் உள்ளே போய், அதைவிட நல்ல முதிரைத் துண்டொன்றைக் கொண்டுவந்து வைத்தார். கருங்காலிக் கைப்பிடியில் தீநாக்குகள்போல் ஏறி நிற்பது அந்த மரம்தான்.

கியூ வீடு வந்தபோது அண்ணை யாழ்ப்பாணத்தில் அப்பாவின் கிரியைகளைச் செய்துகொண்டிருந்தார். அண்ணி பெட்டியைச் சாமி அறையில் வைத்தார். திரும்பி வந்த அண்ணை, ஆண்டுத் திவசம் முடியும்வரை புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்றார். எங்கள் குடும்ப வழக்கம் அது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

திவசம் முடிந்தது. அதன் பின் தடை ஏதும் இருக்கவில்லை என்பதையும் இங்கே பதிய வேண்டும். வெள்ளிதோறும் விளக்கேற்றிய பின் அண்ணை பெட்டியைத் திறப்பார். இரு பகுதிகளையும் திருகிப் பூட்டி, ஒரு கண்ணை மூடி, மரம் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். துணியால் துடைத்து மீண்டும் வைத்துவிடுவார். "பொல்லுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பூட்டு. என்ர நகைக்கும் இந்தக் காவல் இல்லை," என்பார் அண்ணி.

அணியில் உடன் ஆடிய தர்மன் விடவில்லை.

"என்ன அண்ணை, கியூவுக்குப் பொருத்தம் பாக்கிறியளோ?"

"பொறடா. முதல் ஆட்டம் நல்ல நாளில இருக்கவேணும்."

"நீங்கள் நாள் பாத்து முடிக்க அவங்கள் மேசையையே தூக்கிப்போடுவாங்கள்."

ஒருமுறை அட்டமி, ஒருமுறை ஷிப்ட் மாற்றம், ஒருமுறை தளத்தில் பியர் சிந்திக் கிடந்தது. வளைந்த கியூவே அவர் கையில் இருந்தது. அடுத்த தைப்பூசம் என்று உறுதியாகச் சொன்னார். அதற்கு முந்திய மார்கழியில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது.

டூட்டிங்கிலுள்ள என் வீட்டிலிருந்து நான் பார்க்கப் போன ஒரு நாள் கியூவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். இடது கையால் முதிரையைத் தடவினார்.

"இனி ஏலாது தங்கச்சி. நல்ல நாள், நல்ல நாள் எண்டு பாத்தன். எல்லா நாளும் நல்லாத்தானே இருந்திருக்கு."

இரண்டாம் முறை வந்த பக்கவாதத்தில் அண்ணை எங்களை விட்டுப் பிரிந்தார்.

நோயுற்ற காலத்தில் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டிய அண்ணிக்கும் மகளுக்கும், பயிற்சி சிகிச்சைக்கு வாரந்தோறும் காரில் அழைத்துச் சென்ற தர்மனுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவருக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் எங்களுடன் அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. சென்ற வாரம் அண்ணி பெட்டியைத் திறந்தபோது கியூவின் தோல் நுனியில் நீலச் சோக்குத் தூள் படிந்திருக்கக் கண்டார். பந்தில் அடி வழுக்காதிருக்க ஆடுமுன் தேய்ப்பது அது. அண்ணியும் மகளும் தேய்க்கவில்லை. தமக்குத் தெரியாது என்கிறார் தர்மன். மதுச்சாலை கைமாறிவிட்டது, மேசையும் அங்கில்லை. கைவினைஞரே ஆடிப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கவும் கூடும். கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அண்ணை யாருக்கும் சொல்லாமல் ஒருமுறையாவது அந்தக் கியூவால் ஆடினாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை. நுனியை நாங்கள் துடைக்கவில்லை.