இடப்பக்கம் திருப்பியது நான்தான்

என் சூப்பர்வைசர் முதன்முதலாக என்னை "சீஹிங்" என்று கூப்பிட்ட சாயங்காலம் எனக்கு இன்றும் இனிக்கிறது. செரண்டா பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர் வைத்ததுதான் சட்டம். கழிவறைக்குக்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்து ஊரான ராசாவில், சீனர் கோயிலுக்குப் பின்னால் நடந்த குங்பூ வகுப்பில் கதையே வேறு. அங்கே வயதும் பதவியும் எடுபடாது. முன்னால் சேர்ந்தவன் சீஹிங், அதாவது மூத்த அண்ணன். நான் அவருக்கு மூன்று மாதம் முன்னால் சேர்ந்தவன். என்னைவிடப் பத்து வயது பெரிய மனிதர், முஷ்டியை உள்ளங்கையில் வைத்து எனக்குத் தலை தாழ்த்தினார். மறுநாள் காலையில் வழக்கம்போல என்னை ஏசினார்.

வகுப்பில் சண்டை கடைசியில்தான். அதற்கு முன்னால் 'வரிசை' பழக வேண்டும், நம் சிலம்பத்தில் இருக்கிற மாதிரி: எந்த அடிக்குப் பின் எந்த அடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று எல்லாம் முன்பே முடிவானது. தொடங்கிய இடத்திலேயே, தொடங்கிய திசை பார்த்தே முடிக்க வேண்டும். உடம்பு யோசிக்காமல் செய்வதற்காகத்தான் அதை ஆயிரம் தடவை செய்ய வைக்கிறார்கள். ஆனால் உடம்புக்குச் சரியும் தெரியாது, தப்பும் தெரியாது. போட்டதை வாங்கிக்கொள்ளும். இது எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஷிப்டு மாறியதால் சூப்பர்வைசர் நாலு வாரம் வகுப்புக்கு வரவில்லை. விட்டுப்போன பாதியை என்னிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார் மாஸ்டர். அந்த வாரம்தான் தொழிற்சாலையில் அவர் என் கையிலிருந்த உடைந்த மூடியை வாங்கி, லைனிலிருந்த பெண்கள் முன்னால் தூக்கிக் காட்டி, "இவன் கையில தங்கத்தக் குடுத்தாலும் ரிஜெக்ட்தான் லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பத்தொன்பதாவது அடியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திருப்பினேன். மறக்காமலிருக்க முந்நூறு தடவை செய்ய வைத்தேன். வேர்த்து ஊற்றியது அவருக்கு. நன்றி சொன்னார்.

தேர்வன்று மனைவியையும் இரண்டு மகள்களையும் அழைத்து வந்திருந்தார். கடைசி அடி முடிந்தபோது மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். சின்ன மகள்தான் முதலில் சிரித்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று மாஸ்டர் மலாயில் கேட்டார். "சீஹிங் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றார் அவர். மண்டையில் எதுவும் நிற்காதவர்கள் வர வேண்டாம் என்றார் மாஸ்டர். அதோடு சூப்பர்வைசர் வகுப்புக்கு வரவில்லை.

போன மாதம் என் பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க, புக்கிட் பெருந்துங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு முட்டியிலும் கட்டு. பத்திரிகையை வாங்கி வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் எனக்கு வரிசையைச் செய்து காட்டினார். பிசிறே இல்லை. பத்தொன்பதில் இடப்பக்கம் திரும்பினார்.

"தெனமும் காலையில செய்றேன் சீஹிங். எங்க தப்புறேன்னு மட்டும் புடிபடவே மாட்டேங்குது. நீங்க பாத்தா தெரியும் லா."

ஒரு வார்த்தை போதும். சொன்னால் மன்னித்துவிடுவார் என்றும் எனக்குத் தெரியும். அந்த மனிதரிடம் போய் மன்னிப்பு வாங்குவதா?

"முட்டியில பலம் பத்தல. இன்னும் கொஞ்சம் பழகுங்க" என்றேன்.

தலையாட்டினார். முட்டிக்கட்டை இறுக்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.